எரிக்கிற வண்டிக்கு முன்னால் நடந்தவள்

தோவானின் புருஷன் குயேன் ஒரு மழைக்காலத்தில் நெஞ்சடைத்துச் செத்தபோது அவளுக்கென்று மிஞ்சியவை ஓடு நழுவிய ஒரு வீடும் இரண்டு ஆண் பன்றிகளும்தான். அந்தப் பன்றிகளை ஊர் ஊராக ஓட்டிப் போய், பெண் பன்றி வளர்க்கும் வீடுகளில் சினைக்கு விடுவது குயேனின் பிழைப்பு. சிவப்பாறு கடலில் கலக்கும் அந்தச் சமவெளியில் பன்றி இல்லாத வீடு கிடையாது. ஆனாலும் ஆண் பன்றி ஓட்டுகிறவனுக்கு மரியாதை கிடையாது. தோவானை அவனுக்குக் கட்டிக்கொடுத்ததற்காக அவளுடைய அப்பாவை அவருடைய சொந்தத் தம்பிகளே கடைசிவரை குத்திக்காட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆம்பிளை செய்தாலே வாயைப் பொத்திச் சிரிக்கிற தொழிலை ஒரு விதவை எடுத்துச் செய்வாள் என்று தோங் லா கிராமத்தில் யாரும் நினைக்கவில்லை. புருஷனுக்கான படையலெல்லாம் முடிந்த மறுவாரம், தோவான் கூம்புத் தொப்பியின் வாரை முகவாயில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மூங்கில் குச்சியோடு பெரிய பன்றியை முன்னால் விட்டு வாய்க்கால் கரையில் நடந்தாள். தேநீர்க் கடையில் நாலைந்து பேர் குந்தியிருந்தார்கள்.

“அக்கா, மாப்பிள்ளையை எங்க கூட்டிட்டுப் போறீங்க?” என்றான் ஒருவன்.

“உன் வீட்டுக்குத்தான் தம்பி. வீட்டுல ஆம்பிளை இல்ல, சீக்கிரம் வாங்கன்னு ஆள் அனுப்பியிருந்தாங்க.”

கடையே சிரித்தது. கேட்டவனும் சிரித்துத்தான் தீரவேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் கேலி ஓயவில்லை. ஆனால் அவள் என்ன பதில் சொல்லப்போகிறாள் என்று கேட்பதற்காகவே வாயைக் கிண்டினார்கள். பதில் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாது. வீட்டுக்கு வந்து குச்சியைச் சாத்திவிட்டு, வெகுநேரம் கொட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். அது ஞாய்க்கு மட்டும்தான் தெரியும்.

ஞாய் அடுத்த சந்துக்காரி. புருஷன் தலைநகரத்தில் கொத்து வேலை. புத்தாண்டுக்கும் திவசத்துக்கும்தான் ஊர்ப்பக்கம் தலைகாட்டுவான். அவள் வீட்டில் அரிசிச் சாராயம் காய்ச்சுவாள். வடித்தது போக மிஞ்சும் கசடைத் தவிட்டோடு கலந்து பன்றிக்கு ஊற்றுவாள். ஞாயின் பன்றிகள் பாதி நாள் போதையில் கிடக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. தோவானும் அவளும் வாடி போடி என்று பேசிக்கொள்வார்கள். வேலை முடிந்த பிறகு ஞாயின் அடுப்படியில் உட்கார்ந்து பச்சைத் தேநீர் குடித்துவிட்டுத்தான் தோவான் வீட்டுக்குப் போவாள்.

வருஷங்கள் ஓடின. சாலையில் லாரிகள் பெருகின. பன்றியை ஓட்டிக்கொண்டு நடக்க முடியாமல் போயிற்று. மாவட்டத்தில் சொல்லிக்கொடுத்தபோது தோவான் சினை ஊசி போடக் கற்றுக்கொண்டாள். வீட்டிலேயே மூன்று ஆண் பன்றிகளை வைத்து வித்தெடுத்து, போத்தலில் அடைத்து, குளிர்ப்பெட்டியில் வைத்து, மோட்டார் சைக்கிளில் போவாள். சுற்றியிருந்த ஐந்து குக்கிராமங்களிலும் எந்த வீட்டுக் கொட்டில் கதவைத் தூக்கித் திறக்க வேண்டும், எந்த வீட்டில் பன்றியைவிட நாய்தான் ஆபத்து என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். பிறக்கிற குட்டிகளில் பாதி அவள் வீட்டுப் பெரியவரின் வாரிசுகள். ‘பெரியவர்’ என்றுதான் அந்த மூத்த ஆண் பன்றியைக் கூப்பிடுவாள். மாமனாருக்குக்கூட அவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை என்று ஞாய் சொல்வாள்.

பன்னிரண்டு மிருகங்களின் பேரில் சுற்றிவருகிற வருஷங்களில் பன்றி வருஷம் பிறந்தது. புத்தாண்டுப் படையலின் மீதி தீர்வதற்குள் வடக்கே இருந்து செய்தி வந்துவிட்டது. பன்றிக்கு மட்டும் வருகிற காய்ச்சல், மனிதனை ஒன்றும் செய்யாது, ஊசியில்லை, மருந்தில்லை, வந்தால் கொட்டிலோடு வாரிக்கொண்டு போகும். மின்கம்பத்து ஒலிபெருக்கி காலையும் மாலையும் அதையே சொன்னது. ஊர் எல்லையில் மூங்கில் கழியைக் குறுக்கே கட்டி, சுண்ணாம்பில் தோய்த்த சாக்கு விரித்தார்கள். அப்படியும் வந்தது. வடக்குத் தெருவில் ஒரு வீட்டில் முதலில் விழுந்தது. பிறகு அதன் பக்கத்து வீடு.

நோய் விழுந்த வீட்டில் ஒரு பன்றிகூட மிஞ்சக்கூடாது, நல்லதும் கெட்டதும் எல்லாவற்றையும் கொன்றுவிட வேண்டும் என்பது அப்போதைய உத்தரவு. வாய்க்கால் ஓரம் குழி வெட்டிப் புதைத்தார்கள். அந்த மண்ணில் முழங்கால் ஆழம் வெட்டினாலே தண்ணீர் ஊறும். சாக்கில் கட்டிப் போட்டவை நாலாம் நாள் ஊதி மேலே வந்தன. நாய்கள் சாக்கைக் கிழித்தன. கீழ்மடைக்காரர்கள் வந்து ஊராட்சி வாசலில் நின்று, “உங்க பன்னியை நாங்க குடிக்கணுமா?” என்று கேட்டார்கள்.

அப்படித்தான் எரிக்கிற வண்டி வந்து சேர்ந்தது. லாரிக்குப் பின்னால் பூட்டிய பச்சை நிற இரும்புப் பெட்டி. ஒரு சின்ன வீடு அளவு இருக்கும். உள்ளே செங்கல் பதித்த அறை, டீசலில் எரியும் இரண்டு பர்னர்கள், காற்று ஊதும் விசிறி, மேலே மடக்கி நிமிர்த்துகிற புகைபோக்கி, பக்கவாட்டில் சங்கிலியால் தூக்கி உள்ளே தள்ள ஒரு கதவு. அதை இயக்கியவர் பாக் என்பவர். மலைப்பக்கத்து மாகாணத்துக்காரர், ஐம்பது தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். கூட இரண்டு ஆட்கள். ஊர் கால்நடை அலுவலர் லோக் அவர்களைச் சந்து சந்தாகக் கூட்டிப் போனான். வண்டியின் இரைச்சல் கேட்டதும் வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன.

இதற்கிடையில் தோவானுக்கு வேலை நின்றுபோயிருந்தது. வீடு வீடாகக் கொட்டில் ஏறி இறங்குகிறவர்கள் இனி யார் கொட்டிலுக்கும் போகக்கூடாது என்று தடை. தடையைவிட மோசமானது பேச்சு. சந்தையில் கீரை வாங்கப் போனவள் காதுபடவே இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

“போத்தலைத் தூக்கிட்டு அஞ்சு ஊருக்கும் போய்வந்தவ யாரு? காத்துலயா வந்துச்சு நோய்?”

தோவான் கீரையை வைத்துவிட்டு வந்துவிட்டாள். அந்தப் பேச்சு பொய் என்று அவளால் சத்தியம் செய்ய முடியவில்லை. அதுதான் அவளைத் தின்றது.

ஒரு காலையில் பெரியவர் தொட்டியில் வாய் வைக்கவில்லை. காது ஓரத்திலும் அடிவயிற்றிலும் நாவற்பழச் சாறு தெறித்த மாதிரி நீலம். தோவான் கொட்டிலுக்குள் குந்தி அதன் காதைத் தொட்டுப் பார்த்தாள். கொதித்தது. மற்ற இரண்டும் பக்கத்துத் தடுப்பில் தீனிக்கு முட்டிக்கொண்டிருந்தன. அவள் குளித்து, உடை மாற்றி, ஊராட்சி அலுவலகத்துக்கு நடந்துபோய், சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியிலேயே நின்று லோக்கைக் கூப்பிட்டாள்.

“பெரியவருக்கு வந்துடுச்சு.”

லோக் கோட்டுவரை வந்து நின்றான். அவன் படித்துவிட்டு வேலைக்கு வந்த புதிதில் அவனுக்குக் கொட்டில் கொட்டிலாகக் காட்டியவள் அவள்தான். “மூணையும் எடுக்கணும் அக்கா. ஒரே வீடு.”

“தெரியும். தெரிஞ்சுதான் வந்தேன். உன் ஆளுங்களை உள்ள அனுப்பாத. நானே கூட்டிட்டு வரேன்.”

வண்டி அவள் சந்துக்குள் நுழையாது. கோடியில், நெல் காயப்போடும் களத்தில் நிறுத்தினார்கள். தோவான் பரணில் கிடந்த பழைய மூங்கில் குச்சியை எடுத்துத் துடைத்தாள். சாலையில் பன்றி ஓட்டி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. பெரியவருக்குப் பின்னங்கால் தள்ளாடியது. இரண்டடி நடந்து நிற்கும், அவளும் நிற்பாள். பின்னாலேயே ஒருவன் சுண்ணாம்பைத் தூவிக்கொண்டு வந்தான். சந்தின் இருபுறமும் கதவிடுக்குகளில் முகங்கள். ஒரு காலத்தில் இந்த நடைக்கு எத்தனை விதமாகச் சிரித்திருப்பார்கள். அன்று குழந்தை ஒன்று என்னவோ கேட்க, அதன் தாய் வாயைப் பொத்தி உள்ளே இழுத்தாள்.

களத்தில் பாக், பன்றியைக் கொல்கிற கரண்ட் இடுக்கியோடு நின்றிருந்தார். “நீங்க அந்தப் பக்கம் போங்க தங்கச்சி. நாங்க பாத்துக்கறோம்.”

“புது ஆள் தொட்டா மிரளும்ணே. நான் காதைப் பிடிச்சிக்கறேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க.”

“கரண்ட் உங்க மேலயும் பாயும்.”

“எப்ப விடணும்னு சொல்லுங்க. விட்டுடறேன்.”

அவர் சொன்னபோது விட்டாள். பெரியவர் சத்தமே இல்லாமல் சாய்ந்தது. மற்ற இரண்டையும் அப்படியே கூட்டிவந்தாள். சங்கிலி கிறீச்சிட்டு ஏறியது. கதவை மூடி, பாக் விசையைத் தட்ட, பெட்டிக்குள் தீ குமுறியது. புகைபோக்கியில் முதலில் கொஞ்சம் கரும்புகை. பிறகு அதுவும் இல்லை, மேலே வானம் மட்டும் கானல் போல நடுங்கிற்று. மாலையில் பெட்டி ஆறி, பாக் சாம்பலை வாரும்வரை தோவான் களத்துத் திண்டிலேயே உட்கார்ந்திருந்தாள். மூன்று உடம்பும் சேர்ந்து இரண்டு வாளிக்குக்கூடக் காணவில்லை. வெள்ளையாகச் சில எலும்புத் துண்டுகள். விரல் பட்டால் பொடிந்தன.

“நீங்க அழுதா நல்லதும்மா,” என்றார் பாக்.

“பன்னிக்கு அழுதவன்னு வேற பேர் வாங்கணுமா?” என்றாள். அது சிரிப்பாக வரவில்லை.

மறுநாள் காலை வண்டி கிளம்பும்போது அவள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். லோக் ஆச்சரியமாகப் பார்த்தான்.

“வடக்குத் தெருவுல குட்டிங்களைப் பின்னங்காலைப் பிடிச்சுத் தலைகீழாத் தூக்கிட்டுப் போனாங்கன்னு கேள்விப்பட்டேன்,” என்றாள்.

“அங்க கதவை உடைச்சுத்தான் போகவேண்டியிருந்துச்சு அக்கா. அந்தம்மா கட்டையால அடிச்சாங்க. அவசரத்துல எல்லாம் கண்டபடி ஆயிடுச்சு.”

“எனக்குத் திறப்பாங்க. கெட்ட பேரு ஏற்கெனவே வந்தாச்சு, இனி வர்றதுக்கு என்ன இருக்கு?”

இப்படித்தான் தோவான் எரிக்கிற வண்டிக்கு முன்னால் நடக்கிறவள் ஆனாள். வண்டி கோடியில் நிற்கும். அவள் மட்டும் வீட்டுக்குள் போவாள். எதுவும் விளக்கமாட்டாள், வீட்டுக்காரர்கள் திட்டினால் திட்டி முடிக்கிறவரை நிற்பாள். பிறகு கொட்டிலில் இறங்கி, நறுக்கிய வாழைத்தண்டு வாளியைக் காட்டி, ஒவ்வொன்றாக வெளியே நடத்திவருவாள். சில வீடுகளில் கொட்டில் வாசலில் ஊதுபத்தி கொளுத்தி வைத்திருப்பார்கள். தெற்குத் தெருவில் ஒரு கிழவர், “கொஞ்சம் பொறும்மா,” என்று சொல்லி, கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து, எல்லாப் பன்றிகளையும் தேய்த்துக் குளிப்பாட்டி அனுப்பினார். அன்று வேலை மத்தியானத்துக்கு மேல் இழுத்துப் போயிற்று. பாக் பர்னரை மூட்டாமல் காத்திருந்தார்.

நெருப்பையும் பழகிக்கொண்டாள். கொழுத்தவற்றை ஒன்றாகப் போடக்கூடாது. கொழுப்பு உருகி வழிந்து தீ கதவுக்கு வெளியே நாக்கை நீட்டும். ஒருமுறை அப்படி ஆகி, பாக்கின் புருவம் கருகிப்போனது. “இனிமே கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க முடியாதுண்ணே,” என்றாள் தோவான். அவர் முதல்முறையாகச் சிரித்தார். சிரித்த கையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு சங்கிலியை இழுக்கப் போனார்.

ஊர் அவளை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தது. எத்தனை முறை எலுமிச்சை இலை போட்டுக் குளித்தாலும் உடம்பில் டீசலும் கருகலும் போகவில்லை. தேநீர்க் கடையில் அவளுக்கென்று ஒரு தனிக் குவளை வந்துவிட்டது. பழைய கேலிக்காரன் ஒருநாள் சொன்னான்: “முன்னல்லாம் மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வருவா. இப்ப எமனைக் கூட்டிட்டு வர்றா.”

தோவான் குவளையை வைத்துவிட்டு, “எமன் உன் வீட்டுக்கு வரமாட்டான், கவலைப்படாத. உன் வீட்டுல பன்னி இல்ல, நீ மட்டும்தான் இருக்க,” என்றாள். யாரும் சிரிக்கவில்லை, அவளும் பதிலை எதிர்பார்த்து நிற்கவில்லை.

சுற்றுவட்டாரத்தில் வாய்க்காலுக்கு அக்கரையில் நடந்ததைச் சொல்லவேண்டும். அங்கே ஒரு வீட்டில், நோயில்லாத இரண்டு குட்டிகளைக் கட்டிலுக்கடியில் சாக்கு போட்டு மறைத்துவிட்டார்கள். வண்டி வந்து மற்றதை எடுத்துப் போய்விட்டது. அடுத்த சில நாட்களில் அந்தக் குட்டிகள் விழுந்தன. பிறகு இடது பக்கத்து வீடு. பிறகு சந்து முழுவதும். தோவான் அந்தச் சந்தில் கோடியிலிருந்து கோடிவரை ஒவ்வொரு கொட்டிலாகக் காலி செய்தாள். கடைசி வீட்டை முடித்துத் திரும்பும்போது சந்தில் ஒரு உறுமல் இல்லை, தொட்டியை மூக்கால் தள்ளுகிற சத்தம் இல்லை. யாரோ ஒரு பெண் பழக்கதோஷத்தில் தவிட்டு வாளியோடு வெளியே வந்து, நின்று, திரும்பிப் போனாள்.

அதற்கு அடுத்த வாரம் ஞாயின் வீட்டில் நோய் விழுந்தது.

வளரும் பன்றிகள் இரண்டுக்கு வந்திருந்தது. ஞாயிடம் அவை தவிர ஒரு தாய்ப் பன்றியும் இருந்தது. நாய் கடித்து ஒரு காது பாதி போனது. அதனால் காதறுந்தாள் என்று பேர். ஆம்பிளை யார் பக்கத்தில் போனாலும் கடிக்கும். ஞாயின் புருஷனே புத்தாண்டுக்கு வந்தால் அதைச் சுற்றிக்கொண்டுதான் கொல்லைக்குப் போவான். இப்போது அது சினையாக இருந்தது. தோவான் கடைசியாகப் போட்ட ஊசிகளில் ஒன்று, பெரியவரின் வித்து. அதன் கொட்டில் தனியாக, சாராய அடுப்புக்குப் பின்னால், முற்றத்தின் மறுகோடியில்.

தோவான் உள்ளே நுழைந்தபோது அந்தக் கொட்டில் காலியாகக் கழுவி விடப்பட்டிருந்தது. ஞாய் அடுப்படி வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் உமி மூட்டைகள் கூரைவரை அடுக்கியிருந்தன. மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து மூச்சு வாங்கும் சத்தம் தோவானுக்கு நன்றாகக் கேட்டது.

“அதுக்கு ஒண்ணும் இல்லடீ,” என்றாள் ஞாய் தணிந்த குரலில். “நேத்துகூட ரெண்டு வாளி குடிச்சுது. நீயே வந்து தொட்டுப் பாரு. காய்ச்சல் இல்ல.”

“ஞாய், உத்தரவு...”

“உத்தரவு எனக்கும் காதுல விழுந்துச்சு. நீ ஒண்ணும் சொல்லவேண்டாம். பாக்கலன்னு இரு, போதும். நான் கேக்கற முதல் விஷயம் இது. இத்தனை வருஷத்துல உன்கிட்ட நான் எதாவது கேட்டிருக்கேனா?”

கேட்டதில்லை. தோவான் நோய் கண்ட இரண்டையும் நடத்திக்கொண்டு போய்க் களத்தில் விட்டாள். லோக் கேட்டான்: “அவ்வளவுதானா அக்கா? இந்த வீட்டுல ஒரு தாய்ப் பன்னி உண்டே.”

ஞாய் முற்றத்து வாசல்வரை வந்து நின்றிருந்தாள். அவள் பார்ப்பது தோவானுக்கு முதுகில் தெரிந்தது. இரண்டு பக்கத்திலும் நோய் எட்டாத வீடுகள் இருந்தன. அக்கரையில் தவிட்டு வாளியோடு வெளியே வந்த பெண்ணின் முகம் நினைவில் வந்ததா, தன் போத்தல்களைப் பற்றிய பேச்சு வந்ததா என்று அவளுக்கே பின்னால் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

“இருக்கு,” என்றாள். “அடுப்படியில. நீங்க யாரும் உள்ள போகாதீங்க, கடிக்கும். நானே கூட்டிட்டு வரேன்.”

உமி மூட்டைகளை அவள்தான் நகர்த்தினாள். ஞாய் தடுக்கவில்லை, உதவவும் இல்லை. காதறுந்தாள் அவள் குரலைக் கேட்டதும் எழுந்து, வயிறு தரையில் உரச, வாளியைக்கூடக் காட்டாமல் பின்னாலேயே வந்தது. வாசலைத் தாண்டும்போது ஞாய் ஒன்று மட்டும் கேட்டாள்.

“வயித்துல இருக்கறதையும் சேத்தா?”

தோவான் நிற்கவில்லை. நின்றால் நடக்க முடியாது என்று தெரியும். களத்தில், நல்ல காதைப் பிடித்துக்கொண்டாள். கதவு மூடி நெருப்பு பிடித்த பிறகு, லாரியின் மறுபக்கம் போய் வாந்தி எடுத்தாள். பாக் ஒரு போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்துவிட்டுப் போனார்.

ஞாயின் இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் நோய் வரவில்லை. அதனால்தான் வரவில்லையா என்று யாரால் சொல்ல முடியும்? இரண்டு நாள் கழித்துத் தோவான் வழக்கமான நேரத்தில் அந்த வீட்டு வாசலில் போய் நின்றாள். ஞாய் சாராயப் பானையைத் துலக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, “வாங்க. என்ன வேணும் உங்களுக்கு?” என்றாள். அத்தனை வருஷ வாடி போடிக்குப் பிறகு வந்த அந்த ‘வாங்க’வுக்கு, கட்டையால் அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. தோவான் ஒன்றும் வேண்டாம் என்று திரும்பிவிட்டாள்.

மழை தொடங்கியபோது உத்தரவு மாறிற்று. இனிமேல் நோய் கண்ட பன்றியை மட்டும் எடுத்தால் போதும். நல்லதாக இருப்பதைத் தனியாக அடைத்துக் காவலில் வைத்துக்கொள்ளலாம். மேலே என்ன யோசித்து மாற்றினார்களோ, ஒலிபெருக்கி காரணம் சொல்லவில்லை. தோவான் அப்போது லாரியின் முன்னிருக்கையில் பாக்குக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் இருந்தாள். அறிவிப்பு இரண்டாம் தடவை ஒலித்து முடிந்தது. அந்தக் கம்பத்து ஒலிபெருக்கி ஞாயின் வீட்டுக் கூரைக்கு நேர் மேலே இருந்தது.

“அன்னிக்கு அதுதான் சட்டம் தங்கச்சி,” என்றார் பாக்.

“ஆமாண்ணே.”

“நீங்க சொல்லலன்னா வேற யாராவது சொல்லியிருப்பாங்க.”

“சொல்லியிருக்கலாம். ஆனா சொன்னது நான்.”

தோங் லாவில் நோய் தணிந்து வண்டி ஆற்றுக்கு அக்கரை ஊர்களுக்குப் போனபோது, பாக் அவளையும் கூப்பிட்டார். வீட்டில் பார்க்க ஒன்றும் இல்லாததால் போனாள். அங்கே அவளை யாருக்கும் தெரியாது. முதல் வீட்டில் ஒரு நடுவயதுப் பெண் கதவை முதுகால் அடைத்துக்கொண்டு நின்றாள். “எல்லாத்தையுமா?” என்று கேட்டாள்.

“நோய் வந்ததை மட்டும்,” என்றாள் தோவான்.

அந்தப் பெண்ணுக்குக் கேட்கவில்லை. தோவான் மறுபடி சொன்னாள். கதவு திறந்தது. அந்தக் கொட்டிலில் ஒரு தாய்ப் பன்றி பக்கவாட்டில் படுத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. தோவான் அதைத் தொடாமல், சத்தம் போடாமல், பக்கத்துத் தடுப்பில் சுருண்டு கிடந்த ஒன்றை மட்டும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

குளிர்காலத்தில் வண்டி மாகாணத் தலைநகருக்குத் திரும்பிற்று. தோவானும் ஊருக்கு வந்தாள். காலியான கொட்டிலைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துவிட்டு, தையல் மில்லில் துணி மடிக்கும் வேலைக்குப் போனாள். கொஞ்ச காலம் கழித்து ஊரில் ஒன்றிரண்டு வீடுகளில் மறுபடி குட்டிகளின் கீச்சொலி கேட்டது. லோக் வந்து, ஆண் பன்றி வாங்க உதவி செய்வதாகச் சொன்னான். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினாள்.

ஒரு மாலையில் ஞாய் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றாள். தோவான் முக்காலியை நகர்த்திப் போட்டாள். ஞாய் உட்கார்ந்தாள். தேநீர் ஊற்றிக் கொடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

“ஒண்ணு கேக்கணும்,” என்றாள். “லோக்கைக் கேட்டா சட்டம்னு சொல்றான். என் வீட்டுக்காரர் போனது போச்சுன்னு சொல்றாரு. பக்கத்து வீட்டுக்காரி, உங்களாலதான் எங்க பன்னி பொழைச்சுதுன்னு பலகாரம் கொண்டுவந்து வைக்கறா. எனக்கு இதெல்லாம் வேண்டாம். அன்னிக்கு நீங்க வாயைத் தொறக்கலன்னா காதறுந்தா பொழைச்சிருக்குமா?”

தோவானிடம் வாய்க்காலுக்கு அக்கரைச் சந்தின் கதை இருந்தது. அதைச் சொன்னால் போதும், நியாயம் அவள் பக்கம் வந்துவிடும். அதை அவள் சொல்லவில்லை.

“பொழைச்சிருக்கலாம்,” என்றாள். “காய்ச்சல் இல்ல. கூட்டிட்டு வரும்போது தொட்டுப் பாத்தேன். குட்டிங்க உள்ள உதைச்சுதுங்க.”

ஞாய் குவளையைக் கீழே வைத்தாள். அவள் அழுதாள். தோவானும் அழுதாள், பெரியவருக்குச் சேர்த்து, எல்லாவற்றுக்கும் சேர்த்து. ஒருவரை ஒருவர் தேற்றிக்கொள்ளவில்லை. பிறகு ஞாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“பொய் சொல்லிடுவீங்கன்னு பயந்துதான் இத்தனை நாள் கேக்காம இருந்தேன்,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர்கள் பழையபடி ஆகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஞாய் மறுபடி பன்றி வளர்க்கவில்லை. வாத்து வாங்கி வாய்க்காலில் விட்டாள். ஆனால் அந்த வருஷம் மாமியாரின் திவசத்துக்குத் தோவானுக்கு ஆள் அனுப்பிச் சொன்னாள். தோவான் விடியற்காலையிலேயே போய்ப் பாத்திரம் கழுவினாள், கீரை ஆய்ந்தாள். படையல் முடிந்து பாயில் எல்லோரும் உட்கார்ந்தபோது, வீட்டுக்காரி செய்கிற முறைப்படி ஞாய் சுற்றிவந்து ஒவ்வொருவர் கிண்ணத்திலும் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தாள். தோவானின் கிண்ணத்திலும் வைத்தாள். மற்றவர்களுக்கு வைத்த அளவுதான். தோவான் குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள்.